கயிற்றின் இரண்டு முனைகள்

2009 பிப்ரவரி 22ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் ஆஸ்கர் மேடையில் ஏ.ஆர். ரஹ்மான் இரண்டு விருதுகளை வாங்கிக்கொண்டு தமிழில் இறைவனுக்கு நன்றி சொன்னது இங்கே பலருக்கும் நினைவிருக்கும். அதே இரவில், அதே மேடையில் இன்னொன்றும் நடந்தது. ரஹ்மான் கொண்டாட்டத்தில் அது நம் கவனத்துக்கு வராமல் போனது இயல்புதான். சிறந்த ஆவணப்படத்துக்கான விருதை ‘மேன் ஆன் வயர்’ பெற்றபோது, அந்தப் படம் யாரைப் பற்றியதோ அவரே மேடையேறி, ஆஸ்கர் சிலையைத் தன் முகவாயின் மேல் கையை விட்டு நிறுத்திக் காட்டினார். பெயர் பிலிப் பெத்தி. பிரான்சுக்காரர், தெருவில் வித்தை காட்டிப் பிழைத்தவர். 1974 ஆகஸ்ட் 7 காலையில் நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களுக்கு நடுவே, யாருடைய அனுமதியும் வாங்காமல் எஃகுக் கம்பி கட்டி, அதன்மேல் முக்கால் மணி நேரம் நடந்தவர். தரையிலிருந்து ஏறக்குறைய 1,350 அடி உயரம். நம் அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் 177 அடி. அதைப்போல ஏழு கட்டடங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாலும் பெத்தியின் பாதத்தை எட்டாது. அவர் எட்டு முறை குறுக்கே கடந்தார், கம்பியில் மண்டியிட்டார், படுத்தார். பிறகு தானே இறங்கிவந்து போலீசிடம் கையை நீட்டினார்.

இந்தக் கதையை இரண்டு படங்கள் சொல்லியிருக்கின்றன. ஒன்று ஜேம்ஸ் மார்ஷ் இயக்கி 2008இல் வந்த அந்த ஆவணப்படம். மற்றது ராபர்ட் ஜெமெக்கிஸ் 2015இல் முப்பரிமாணத்தில் எடுத்த ‘தி வாக்’. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும் ஒருவருக்கு ஒரு விஷயம் உறைக்கும். நடந்தவரைப் பற்றிய படம் என்று சொல்லப்பட்டாலும், ஆவணப்படத்தின் பெரும்பகுதி நடையைப் பற்றியதே இல்லை. கம்பியை எப்படிக் கட்டினார்கள் என்பதைப் பற்றியது. இதற்கு மிக எளிய காரணம் ஒன்று உண்டு. 1974இல் அந்த நடையை யாரும் சலனப்படமாக எடுக்கவில்லை. அப்போது எடுத்த புகைப்படங்கள்தான் மிஞ்சின. உச்சியில் இருந்த நண்பர்கள் இரவு முழுவதும் இரும்புக் கம்பியை இழுத்துக் களைத்துப் போயிருந்தார்கள். மூவி கேமராவைத் தூக்கக் கையில் வலுவில்லை. ஆக, கயிற்று நடையைப் பற்றிய மிகப் புகழ்பெற்ற படத்தில் நடை ஓடவில்லை. அசையாப் படங்களாக நிற்கிறது. படத்தின் ஒன்றரை மணி நேரத்தை நிரப்புவது கட்டுவேலை. அது குறையாகத் தெரியவில்லை. படத்தின் உயிரே அதுதான். கயிற்றில் நடப்பவரைப் பற்றிய படம் உண்மையைத் தொடுவதும் தொடாமல் நழுவுவதும், கயிற்றின் இரண்டு முனைகளிலும் இருப்பவர்களை அது என்ன செய்கிறது என்பதைப் பொறுத்தது என்பது என் கட்சி. வருடம் முழுவதும் ரோப்பில் ஆட்களைத் தொங்கவிடும் சென்னைப் படவுலகத்துக்கும், இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கழைக்கூத்தை வேடிக்கை பார்த்துவரும் நமக்கும் இதில் கொஞ்சம் யோசிக்க இருக்கிறது.

முதலில் அந்தக் கட்டுவேலையைப் பார்ப்போம். ஒரு கோபுரத்தின் கூரையில் பெத்தியும் ஒரு நண்பரும். எதிர்க் கோபுரத்தில் ழான் லூயி ப்ளாந்தோவும் இன்னொருவரும். நடுவில் பாதாளம். ப்ளாந்தோ வில்லில் அம்பு பூட்டி, அதில் மீன்பிடி நரம்பைக் கட்டி எய்கிறார். இருட்டில் அந்த மெல்லிய நரம்பு எங்கே விழுந்தது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. தோலில் பட்டாலாவது தெரியட்டும் என்று பெத்தி ஆடையைக் களைந்துவிட்டுக் கூரையில் துழாவுகிறார். (நம் படத்தில் இப்படி ஒரு காட்சி வைத்தால் கதாசிரியருக்குக் கற்பனை அதிகம் என்போம்.) நரம்பின் நுனியில் நூல், நூலின் நுனியில் கயிறு, கயிற்றின் நுனியில் 200 கிலோ அளவுக்கு எடையுள்ள எஃகுக் கம்பி. அதைச் செலுத்தும்போது கம்பி கைமீறி நழுவி இரண்டு கோபுரங்களுக்கும் நடுவில் தொங்கிவிடுகிறது. இரவு முழுவதும் கையால் இழுக்கிறார்கள். பிறகு பக்கவாட்டு இழுகயிறுகள். அவை இல்லாவிட்டால் நடப்பவரின் ஒவ்வோர் அடிக்கும் கம்பி முறுக்கிக்கொள்ளும், ஆடும். அத்தனை உயரக் கட்டடங்களே காற்றில் மெல்ல அசைபவை என்பதால் கட்டின் கணக்கு இன்னும் சிக்கலாகிறது. கோபுரத்தின் 82ஆவது மாடியில் வேலை பார்த்த ஒரு அலுவலர்தான் உள்ளேயிருந்து உதவியவர். பிரான்சில் ஒரு புல்வெளியில் கம்பி கட்டி ஒத்திகை பார்த்தபோது, காற்று எப்படி அடிக்கும் என்று காட்ட நண்பர்கள் கம்பியைப் பிடித்துக் குலுக்கினார்கள். இத்தனைக்கும் பிறகு வருவதுதான் அந்த முக்கால் மணி நேரம்.

ஜெமெக்கிஸ் வேறு வழியில் போனார். இல்லாத நடையை அவர் கணினியில் உண்டாக்கினார். 2001 செப்டம்பரில் இடிந்துபோன கோபுரங்களையும் சேர்த்து. நடிகர் ஜோசப் கோர்டன் லெவிட்டுக்குப் பெத்தியே சில நாள் பயிற்சி கொடுத்தார். படப்பிடிப்பில் கம்பி இருந்தது 12 அடி உயரத்தில். கடினமான அடிகளை வைத்தவர் ஜேட் கிண்டர் மார்ட்டின் என்ற தொழில்முறைக் கம்பிக் கலைஞர், அதாவது டூப். திரையில் கிடைக்கும் அனுபவம் அசலானது. உயரத்தைக் கண்டு பயப்படுபவர்களுக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். ஆனால் என் நினைவில் நிற்பது அந்தக் கடைசிப் பகுதி இல்லை. பாப்பா ரூடி என்ற முதிய சர்க்கஸ் ஆசான், முடிச்சு எப்படிப் போடுவது, கட்டு எங்கே தாங்கும், எங்கே ஏமாற்றும் என்று பெத்திக்குச் சொல்லிக்கொடுக்கும் காட்சிகள்தான். அந்த ஆசானாக நடித்தவர் பென் கிங்ஸ்லி, 1982இல் ‘காந்தி’ படத்தில் காந்தியாக வந்த, குஜராத்தி வம்சாவளியினரான அதே நடிகர். படம் நெடுக இருக்கும் செயற்கையான துள்ளலை மறக்கவைத்து, இது ஒரு தொழில், இதற்கு ஒரு படிப்பு உண்டு என்று உணரவைப்பவர் அவர்தான். கணினி தந்த பிரமிப்புக்கு நடுவே படம் தரையில் கால் ஊன்றுவது முடிச்சு போடும் இடத்தில்தான்.

இனி சைதாப்பேட்டைக்கு வருவோம். பஜார் ரோட்டின் ஓர் ஓரத்தில் ஒரு கழைக்கூத்துக் குடும்பம் வந்து கம்பு நடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு இரண்டு மூங்கில்கள், மேலே குறுக்காக வைத்துக் கட்டியவை. அந்தக் கவையில் கயிறு போகும். போய், தரையில் அடித்த முளையில் இறுகும். மேலே ஒரு சிறுமி கையில் கழியோடு நடப்பாள். கீழே ஒருவர் மேளம் தட்டுவார். இன்னொருவர் முளைக்குப் பக்கத்திலேயே நிற்பார், அந்த இடத்தைவிட்டு நகரமாட்டார். வேடிக்கை பார்க்கும் நாம் அண்ணாந்து சிறுமியைப் பார்ப்போமே தவிர முளையைப் பார்ப்பதில்லை. ஆனால் பாரம் அங்கேதான் இறங்குகிறது. ஒரு சின்னக் கணக்குப் போட்டால் புரியும். கயிற்றின் நீளம் 20 அடி, சிறுமியின் எடை 25 கிலோ, அவள் நடுவில் வரும்போது கயிறு ஓர் அடி தாழ்கிறது என்றால், கயிற்றில் விழும் இழுவிசை 125 கிலோ எடைக்குச் சமம். அவள் எடையைப்போல் ஐந்து மடங்கு. அவள் வசதியாக நடக்கவேண்டும் என்று கயிற்றை இன்னும் முறுக்கி, தாழ்வை அரை அடியாகக் குறைத்தால் இழுவிசை பத்து மடங்காகிறது. கயிறு எவ்வளவு நேராக நிற்கிறதோ, நடப்பவருக்கு அவ்வளவு எளிது, முளைக்கு அவ்வளவு ஆபத்து. இந்தப் பேரத்தை முடிவு செய்பவர் முளை அடிப்பவர். தார் ரோடா, மண்ணா, நேற்று பெய்த மழையில் மண் இளகியிருக்கிறதா என்று பார்ப்பதும் அவர்தான். கழியின் உபயோகமும் இப்படி விளங்கக்கூடியதுதான்: நீளமான கழி உடலின் சாய்வை மெதுவாக்குகிறது, திருத்திக்கொள்ள அவகாசம் தருகிறது. பெத்தியின் கழி ஏறக்குறைய 8 மீட்டர் நீளம், 25 கிலோ எடை. தெருச் சிறுமியின் கழிக்கும் அதே விதிதான்.

இந்தக் காட்சி நமக்குப் புதிதில்லை என்பதைச் சங்கப் பாடல்கள் சொல்லும். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில், ஊர்த் திருவிழாவில் வாத்தியங்கள் முழங்க, தாளத்துக்கு ஏற்பக் கயிற்றில் நடந்து களைத்துப்போகும் ஆடுமகளோடு தோகை மயில் ஒப்பிடப்படுகிறது. நற்றிணையின் 95ஆம் பாடலில் ஆட்டம் முடிந்துவிட்டது. ஆடுமகள் நடந்த அந்த முறுக்குக் கயிறு மட்டும் கட்டியபடி இருக்கிறது. ஒரு குரங்குக் குட்டி அதில் தொங்கி ஆட, குறவர் வீட்டுப் பிள்ளைகள் பாறைமேல் ஏறித் தாளம் போடுகிறார்கள். குறுந்தொகையின் 7ஆம் பாடல், காற்றில் அலையும் வாகை நெற்றுகளின் சத்தத்தை ஆரியர் கயிற்றில் ஆடும்போது கொட்டும் பறையொலிக்கு ஒப்பிடுகிறது. இந்தப் பாடல்களைக் காட்டி, பெத்திக்கு இரண்டாயிரம் வருடம் முன்பே எங்கள் ஊரில் இது உண்டு என்று மார்தட்டுவது சுலபம். அதனால் எதுவும் கிடைக்காது. குறுந்தொகையே அந்தக் கூத்தர்களை வடக்கிலிருந்து வந்தவர்களாகத்தான் சொல்கிறது. இன்று சென்னைத் தெருக்களில் கயிறு கட்டும் குடும்பங்களிலும் சத்தீஸ்கர் போன்ற வட மாநிலங்களிலிருந்து வருபவர்கள் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மூன்று புலவர்களில் ஒருவர்கூட நடப்பவரைத் தனியாக, அந்தரத்தில் நிறுத்திப் பாடவில்லை. ஒருவர் களைப்பையும் தாளத்தையும் சேர்த்துச் சொல்கிறார். ஒருவருக்குக் கயிறும், அதைச் சுற்றி விளையாடும் பிள்ளைகளும் போதும். ஒருவருக்குப் பறை மட்டும் போதும். கூத்து என்பது பல பேர் சேர்ந்து செய்யும் வேலை என்று அறிந்த கண்கள் அவை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். கயிறு கட்டியவர்கள் எல்லாம் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். தவறினால் சாவது மேலே இருப்பவர் மட்டும்தானே? அந்தத் துணிவைப் பங்கு போட்டுக் குழுவுக்குக் கொடுப்பது அநியாயமில்லையா? துணிவைப் பங்கு போட முடியாது என்பது சரி. கோபுர விளிம்பில் ஒரு கால் கட்டடத்திலும் ஒரு கால் கம்பியிலுமாகப் பெத்தி நின்ற அந்த நொடியில் அவருக்குத் துணை யாரும் கிடையாது. நான் கேட்பது துணிவைப் பற்றி இல்லை, கதையைப் பற்றி. ஒரு மனிதரின் துணிவு எங்கே உறைந்திருக்கிறது என்று படம் தேடினால், அது தானாகவே முடிச்சு போட்டவர்களிடம் போய்ச் சேரும். ஏனென்றால் பெத்தி தன் உயிரை நம்பி ஒப்படைத்தது அவர்களிடம். மார்ஷின் படம் இதை ஒப்புக்கொள்கிறது. அதில் கண்ணீர் விடுபவர் பெத்தி இல்லை. முப்பது வருடங்களுக்கும் மேல் கழித்து அந்தக் காலையைப் பற்றிப் பேச்செடுத்து, பேச முடியாமல் நிறுத்தும் ப்ளாந்தோ. நடை முடிந்ததும் பெத்தி புகழின் பக்கம் போய்விட்டார், நட்பு முறிந்தது, காதலி அன்னியோடும் உறவு முடிந்தது. வெற்றிக்குப் பிறகு கட்டியவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டதால்தான் அந்தப் படம் வெறும் சாகசப் படமாக நிற்காமல் அதற்கு மேலே போகிறது.

நம் படங்கள் இந்தக் கேள்வியை எப்படிக் கையாண்டன? சைதாப்பேட்டையிலிருந்து மவுண்ட் ரோட்டில் நந்தனம், தேனாம்பேட்டை தாண்டி வடக்கே போனால் ஜெமினி மேம்பாலம். 1973இல் கட்டிய பாலத்துக்கு அந்தப் பெயர் வரக் காரணமான ஜெமினி ஸ்டூடியோ இன்று இல்லை. அங்கேதான் எஸ்.எஸ். வாசன், 1948இல் வெளியான ‘சந்திரலேகா’வை உருவாக்கினார். முரசு நடனத்தால் அது இன்றும் பேசப்படுகிறது. ஆனால் படத்தின் நடுவே ஒரு முழு சர்க்கஸும் இருக்கிறது. கமலா சர்க்கஸ், பரசுராம் லயன் சர்க்கஸ் ஆகிய நிஜக் கம்பெனிகளை வைத்து எடுத்த காட்சிகள். நாயகி டி.ஆர். ராஜகுமாரி சர்க்கஸ்காரியாகிறார். ராஜா ராணிக் கதையில் நவீன சர்க்கஸ் கூடாரம் எப்படி வந்தது என்று கேட்பவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள். அந்தக் கேள்விக்குப் படம் பதில் சொல்ல மெனக்கெடவில்லை, காட்சி அப்படி. தலைமறைவாக இருக்க ஒரு கூடாரம், கண்ணுக்கு விருந்து: சர்க்கஸ் அங்கே அவ்வளவுதான். 1966இல் எம்.ஜி.ஆரும் சரோஜாதேவியும் நடித்த ‘பறக்கும் பாவை’யிலும் கூடாரம் காதலுக்கும் மர்மத்துக்கும் களம். 1989இல் ‘அபூர்வ சகோதரர்கள்’ ஒரு படி உள்ளே போனது. கமல்ஹாசன் நடித்த அப்பு கூடாரத்தில் வேலை செய்பவன், அங்கேயே வாழ்பவன், அவன் பழிவாங்கும் உத்திகளும் சர்க்கஸ் மூளையிலிருந்து வருபவை. ஒரு தொழிலாளி தன் தொழிலறிவால் யோசிப்பதை அவ்வளவு சுவையாகக் காட்டிய வெகுஜனப் படம் தமிழில் அதிகமில்லை.

‘அபூர்வ சகோதரர்கள்’ இன்னொரு மறுப்பையும் எழுப்புகிறது. கமல்ஹாசன் குள்ளராக எப்படித் தோன்றினார் என்பது நெடுங்காலம் ரகசியம். அந்த ரகசியம்தானே சுவை? கயிற்றைக் காட்டிவிட்டால் மாயம் போய்விடாதா? இதற்குப் பதில் சாப்ளினிடம் இருக்கிறது. 1928இல் வந்த ‘தி சர்க்கஸ்’ படத்தில் கம்பிக் கலைஞன் வராத அன்று நாடோடிச் சாப்ளின் அவனுக்குப் பதில் கம்பியில் ஏறவேண்டியதாகிறது. ஓர் ஆளுக்குக் காசு கொடுத்து, இடுப்பில் ரகசியக் கயிறு கட்டி மேலிருந்து பிடித்துக்கொள்ளச் சொல்கிறான். அந்தத் தைரியத்தில் கம்பியில் என்னென்னவோ அட்டகாசம் செய்கிறான். நடுவழியில் கயிறு கழன்றுவிடுகிறது. பார்க்கும் நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. தெரிந்ததும் முகம் மாறுகிறது, அதே சமயம் குரங்குகள் வேறு மேலே ஏறிக்கொள்கின்றன. அந்தக் காட்சியின் சிரிப்பும் பதற்றமும் முழுக்க முழுக்கக் கயிறும் அதைப் பிடித்திருப்பவனும் நம் கண்ணில் படுவதால் வருபவை. அவற்றை மறைத்திருந்தால் அது வெறும் வித்தை. உத்தியை மறைப்பதும் ஆளை மறைப்பதும் வேறு வேறு என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கமலின் கால்கள் எங்கே போயின என்பதை ஒளித்தது உத்தி. கால் உடையும் இடத்தில் இன்னொருவரைக் குதிக்கவைத்து, அவர் இருந்ததையே ஒளிப்பது வேறு கணக்கு.

இதற்கு எதிர்த்துருவத்தில் ஒரு படம் நம் பக்கத்து வீட்டிலேயே உண்டு. இந்திய சர்க்கஸின் தாய்மடி கேரளத்தின் தலச்சேரி. அங்கே கீலேரி குஞ்ஞிக்கண்ணன் நடத்திய பயிற்சிக்கூடத்திலிருந்துதான் நாட்டின் பெரும்பாலான கூடாரங்களுக்கு ஆள் போனது. 1930களில் லண்டனின் பெர்ட்ராம் மில்ஸ் சர்க்கஸ்வரை போய்த் துள்ளு கயிற்றில் ஆடிய கண்ணன் பாம்பேயோவும் அந்த ஊர்க்காரர்தான். அந்தக் கேரளத்தில், 1978இல் ஜி. அரவிந்தன் ‘தம்பு’ எடுத்தார். ஒரு லாரி ஆற்றங்கரைக் கிராமத்துக்கு வருகிறது, கூடாரம் எழுகிறது, சில நாள் ஆட்டம், கூட்டம் குறைகிறது, கூடாரம் இறங்குகிறது, லாரி போகிறது. கதை இவ்வளவே. நடித்தவர்களில் பலர் நிஜ சர்க்கஸ்காரர்கள். கூடாரத் துணி மெல்ல மேலே ஏறுவதையும், அதை இழுக்கும் உடல்களையும், ஆட்டத்தைப் பார்க்கும் கிராமத்து முகங்களையும் ஷாஜி என். கருணின் கேமரா அவசரமில்லாமல் பார்க்கிறது. கலைஞர்கள் கேமரா முன் உட்கார்ந்து, எத்தனை வயதில் வந்தோம், என்ன மிஞ்சியது என்று பேசுகிறார்கள். சாகசம் அந்தப் படத்தில் குறைவு, சாகசக்காரர்களின் வாழ்க்கை நிறைய. பழுதான பிரதிகளிலிருந்து மீட்கப்பட்ட ‘தம்பு’ 2022 கான் விழாவில் மறுபடி திரையிடப்பட்டது. அந்த மீட்பு வேலையின் ஒரு பகுதி நடந்த இடம் சென்னையின் பிரசாத் நிறுவனம்.

பிரசாத் என்றதும் சாலிகிராமம் ஸ்டூடியோவில் நடந்த இன்னொன்றும் நினைவுக்கு வரவேண்டும். 2024 ஜூலையில் ‘சர்தார் 2’ படப்பிடிப்பில் ஒரு சண்டைக் கலைஞர் 20 அடி உயரத்திலிருந்து விழுந்து இறந்தார். 2020 பிப்ரவரியில் பூந்தமல்லி பக்கம் ‘இந்தியன் 2’ தளத்தில் கிரேன் சாய்ந்து மூன்று பேர் இறந்தார்கள். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில், ‘வேட்டுவம்’ படத்துக்காகக் காரைப் பறக்கவிட்ட சண்டைக் கலைஞர் உயிரிழந்தார். இருபது அடி என்பது பெத்தியின் உயரத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கழைக்கூத்துச் சிறுமியின் கயிற்றைவிடச் சற்று அதிகம். ஆபத்து உயரத்தில் மட்டும் இல்லை, கட்டில் இருக்கிறது என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டாம். நம் படங்களில் நாயகன் பறக்கும் ஒவ்வொரு ஷாட்டிலும் ரோப் இருக்கிறது, அதை இழுப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு நேரம் சொல்லும் மாஸ்டர் இருக்கிறார். பிறகு சி.ஜி.யில் ரோப் அழிக்கப்படுகிறது. அழிப்பது கலைக்குத் தேவை, அதில் குற்றம் இல்லை. ஆனால் பார்வையாளரின் மனத்தில் ரோப்போடு சேர்ந்து அதை இழுத்தவர்களும் அழிந்துவிடுகிறார்கள். அழிந்தவர்களுக்கு வலை விரிக்கவும் காப்பீடு எடுக்கவும் பணம் ஒதுக்குவது யாருக்கும் அவசரமாகத் தோன்றாது. இந்தத் தொடர்பைத்தான் நான் வலியுறுத்த விரும்புகிறேன்: கண்ணில் படாததற்குப் பட்ஜெட்டில் இடம் கிடைப்பதில்லை.

நிலைமை கொஞ்சம் மாறுகிறது என்று சொல்ல ஆதாரம் உண்டு. தேசிய திரைப்பட விருதில் சண்டை வடிவமைப்புக்கு முதல் விருது, 2016ஆம் ஆண்டின் படங்களுக்காக, பீட்டர் ஹெயினுக்கு ‘புலிமுருகன்’ மூலம் கிடைத்தது. அதே 2016இன் நவம்பரில்தான் பெங்களூர் அருகே ஒரு கன்னடப் படத்துக்காக ஹெலிகாப்டரிலிருந்து நீர்த்தேக்கத்தில் குதித்த இரண்டு நடிகர்கள் மூழ்கி இறந்தார்கள். ஆஸ்கரும் 2027இல் வெளியாகும் படங்களிலிருந்து சண்டை வடிவமைப்புக்குத் தனி விருது தரப்போவதாக 2025இல் அறிவித்தது. விருது வடிவமைத்தவருக்கு, நல்லதுதான். ரோப் பிடித்தவருக்கு அது போய்ச் சேருமா என்பது வேறு.

கடைசியாக, மிகக் கடினமான மறுப்பு. கழைக்கூத்தைக் கலை என்று கொண்டாடுவது, பள்ளிக்குப் போகவேண்டிய குழந்தையைக் கயிற்றில் ஏற்றுவதை அழகுபடுத்துவது ஆகாதா? ஆகும், குழந்தையைக் கயிற்றில் வைத்தே கொண்டாடினால். எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதி நூலில் தொம்மரர் என்னும் வித்தைக்காரச் சமூகம் பற்றிய பதிவு இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் சின்ன வயதிலேயே பழக்கப்படுவது இந்தத் தொழிலின் இயல்பு, அதன் கொடுமையும் அதுவே. பெத்தி கம்பியில் ஏறத் தொடங்கியது 16 வயதில், தன் விருப்பத்தில். கோபுரங்களுக்கு நடுவே நடந்தபோது 25 நிறைய ஆறு நாள் பாக்கி. கயிறு அவருக்குப் பசியிலிருந்து வரவில்லை. இந்த வேறுபாட்டை மறைக்கும் எந்தப் படமும் பொய்ப் படம்தான். ஆனால் சட்டம் இதை எப்படிப் பிரித்துப் பார்க்கிறது என்பதைக் கவனியுங்கள். 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சர்க்கஸ்களில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடைசெய்ய அரசுக்கு ஆணையிட்டது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், சினிமா, தொலைக்காட்சி, விளம்பரங்களில் குழந்தைக் கலைஞர்களை அனுமதித்து, சர்க்கஸை மட்டும் பெயர் சொல்லி விலக்கியது. அடுத்த ஆண்டு வந்த விதிகளின்படி படத்தில் நடிக்கும் குழந்தைக்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும், ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வங்கியில் போடவேண்டும்.

ஆக, ஒரு கூடாரத்தில் சிறுமி கயிற்றில் நடந்தால் குற்றம். சாலிகிராமம் செட்டில் அதே சிறுமி, கயிற்றில் நடக்கும் சிறுமியாக நடித்தால் அது விதிகளுக்கு உட்பட்ட கலை. பஜார் ரோட்டில் அப்பா அம்மாவோடு ஆடுபவளுக்கு விலக்கும் இல்லை, வங்கிக் கணக்கும் இல்லை. போலீஸ்காரர் வந்தால் அப்பா முளையைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போகவேண்டும். பம்பாயில் 1959இல் வந்து பிறகு டெல்லிக்கும் நீட்டப்பட்ட பிச்சைத் தடுப்புச் சட்டம், பொது இடத்தில் ஆடிப் பாடி வித்தை காட்டிக் காசு கேட்பதையும் பிச்சையோடு சேர்த்தது. 2018இல்தான் டெல்லி உயர் நீதிமன்றம் அதன் பல பிரிவுகளை டெல்லியில் செல்லாததாக்கியது. நியூயார்க்கில் அத்துமீறி நுழைந்த குற்றத்துக்காகப் பிடிபட்ட பெத்தியை, சென்ட்ரல் பார்க்கில் குழந்தைகளுக்கு இலவசமாக ஒரு முறை ஆடிக்காட்டச் சொல்லி வழக்கைக் கைவிட்டார்கள். சென்னையில் கழைக்கூத்தைப் பற்றிப் படம் எடுக்க நினைப்பவர் சிறுமியின் பாதத்துக்கு க்ளோசப் வைப்பதற்கு முன் தீர்மானிக்கவேண்டியவை சில இருக்கின்றன: முளை அடிக்கும் ஆள் யார், அவர் அன்றைக்கு எங்கே தங்கினார், ஆட்டம் முடிந்து தட்டில் விழுந்த காசு எத்தனை பேருக்குப் பிரிந்தது, செட்டில் அந்தக் கயிற்றைக் கட்டப்போகும் ரோப் ஆட்களின் பெயர் டைட்டிலில் எந்த வரிசையில் வரும்.